காட்டு முகாமுக்கு முன் காரின் எச்சரிக்கை ஒலிகளைச் சரிசெய்வது எப்படி: கொழும்பிலிருந்து கிளம்புவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கொழும்பில் ஓடும் நமது வாகனங்கள் ஓயாமல் சத்தம் எழுப்புகின்றன. ரிவர்ஸ் போட்டால் பீப், கதவைத் திறந்து வைத்தால் டிங் டிங், ரிமோட்டில் பூட்டினால் ஒரு குட்டி ஹோர்ன், முச்சக்கர வண்டி உரசிக்கொண்டு வந்தால் சென்சரின் அலறல். காலி வீதி நெரிசலில் இதெல்லாம் காதில் ஏறாது. அதே வாகனத்தை வில்பத்துவில் ஒரு முகாம் இடத்தில் நிறுத்தி, இருட்டிய பிறகு பாய் எடுக்கப் பின்கதவைத் திறந்து பாருங்கள். அந்த டிங் டிங் அடுத்த கூடாரத்தில் தூங்கும் குழந்தையை எழுப்பும், தண்ணீருக்கு வந்த மானையும் விரட்டும்.

ஆனால் இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. காட்டுப் பாதையில் புல் உரசுவதற்கும், காற்றைக் குறைத்த டயருக்கும், முன் இருக்கையில் வைத்த ஐஸ் பெட்டிக்கும் வாகனம் விடாமல் கத்திக்கொண்டிருந்தால், ஓட்டுபவரின் காது கொஞ்ச நேரத்தில் எல்லாச் சத்தத்தையும் ஒதுக்கிவிடும். அப்போது இன்ஜின் சூடாகிறது என்ற உண்மையான எச்சரிக்கை வந்தாலும் அதுவும் அந்தக் கூட்டத்தோடு போய்விடும். பொய்யான ஒலிகளை அடக்குவது உண்மையான ஒலி கேட்பதற்காக. கீழே சொல்லும் ஒவ்வொரு படியையும் அந்த நோக்கத்தோடு செய்யுங்கள்.

முதலில், தொடவே கூடாதவை

இதைக் கடைசியில் சொல்வது வழக்கம். நான் முதலில் சொல்கிறேன், ஏனென்றால் உயிர் போகக்கூடிய இடம் இதுதான்.

நம் நாட்டில் முகாமுக்குப் போகும் பல மொண்டெரோக்களிலும் பிராடோக்களிலும் பிரேக்குக்கு உதவும் அழுத்தத்தை ஒரு மின் பம்ப் உண்டாக்குகிறது. அந்த அழுத்தம் அக்யுமுலேட்டர் என்னும் சிறு கலனில் சேமிக்கப்படுகிறது. பம்ப் தேய்ந்தாலோ அக்யுமுலேட்டர் பழுதானாலோ அழுத்தம் குறையும். அப்போது சிவப்புப் பிரேக் விளக்கு எரியும், பெரும்பாலும் ஏபிஎஸ் விளக்கும் கூடவே எரியும், ஒரு பஸர் நிறுத்தாமல் அடிக்கும். சில நேரம் இது காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் சில விநாடிகள் மட்டும் வந்து, பம்ப் அழுத்தத்தை ஏற்றியதும் அடங்கிவிடும். அதனால் பலர் இதைத் தொல்லையாகவே எடுத்துக்கொள்கிறார்கள். பஸர் நீண்டுகொண்டே போனால், அல்லது ஓடும்போது வந்தால், அடுத்த சில மிதிப்புகளில் பிரேக் பெடல் கல்லாக இறுகிவிடலாம். ஹுன்னஸ்கிரியவிலிருந்து மீமுரேக்கு இறங்கும் வளைவுகளில் அது நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இந்தப் பஸரின் வயரைக் கழற்றித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் அந்த கராஜிலிருந்து வெளியே வந்துவிடுங்கள். இந்தச் சத்தம் உங்கள் வாகனத்தில் இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போட்டு முதலில் பிரேக்கைப் பார்க்க வேண்டும்.

ஒயில் அழுத்தமும் இன்ஜின் வெப்பமும் இதே வரிசைதான். சிவப்பு ஒயில் விளக்கு ஓடும்போது எரிந்தால் உடனே இன்ஜினை நிறுத்த வேண்டும், அடுத்த நிழல் வரை போகலாம் என்ற பேச்சே இல்லை. வெப்ப எச்சரிக்கை வந்தால் ஓரமாக நிறுத்தி, ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுதாகத் திறந்து, இன்ஜினைச் சும்மா ஓடவிட்டுப் பாருங்கள். கூலன்ட் ஒழுகுவது தெரிந்தாலோ முள் இறங்காவிட்டாலோ அணைத்துவிடுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. மணலில் லோ கியரில் மெதுவாக இழுத்துக்கொண்டு போகும்போது ரேடியேட்டருக்குக் காற்று குறைவு, அதனால் இந்த எச்சரிக்கை வருவதற்கான வாய்ப்பு காட்டில்தான் அதிகம்.

டீசல் வாகனம் என்றால் இன்னொன்று. எரிபொருள் வடிகட்டியில் தண்ணீர் சேர்ந்தால் ஒரு விளக்கு எரியும், சில மாடல்களில் ஒலியும் வரும். இறங்கி, வடிகட்டியின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி, தண்ணீர் போய் டீசல் மட்டும் வரும்வரை வடியவிட்டு மூடினால் போதும். அலட்சியம் செய்து ஓட்டினால் இன்ஜெக்டர்கள் போய்விடும். அது பெரிய செலவு.

பட்டரி சார்ஜ், ஏர்பேக், ஏபிஎஸ் ஆகிய விளக்குகளையும் அவற்றோடு வரும் ஒலிகளையும் தொடாதீர்கள். இருக்கைக்கு அடியில் மஞ்சள் நிற வயர் இணைப்பைக் கண்டால் கையை எடுத்துவிடுங்கள். அது ஏர்பேக்கின் வயர்.

சீட் பெல்ட் ஒலி

காட்டுப் பாதையில் மெதுவாகத்தானே போகிறோம் என்று, பெல்ட் பூட்டில் செருகும் போலி நாக்கை வாங்கிப் போடுகிறார்கள். பெல்ட் மாட்டாமல் உட்கார்ந்திருப்பவரின் முகத்தில் ஏர்பேக் வெடிக்கும்போது அதுவே காயப்படுத்தும். வாகனம் பள்ளத்தில் சாயும்போது உங்களை இருக்கையோடு பிடித்து வைப்பதும் பெல்ட்தான். ஆகவே இந்த ஒலியை அடக்கும் வழியை நான் சொல்லப் போவதில்லை.

பக்கத்து இருக்கையில் சாமான் வைத்ததால் ஒலி வருகிறது என்றால் தீர்வு எளிது. பாரத்தைப் பின்னுக்கு மாற்றுங்கள். இடமில்லாவிட்டால் பெட்டியைச் சுற்றிப் பெல்ட்டைப் போட்டுப் பூட்டுங்கள். ஒலியும் நிற்கும், குழியில் குதிக்கும்போது பெட்டியும் பறக்காது.

வீட்டு வாசலில் ஒரு பட்டியல்

பயணத்துக்கு ஒரு வாரமாவது முன்னால் வாகனத்தில் தனியாக உட்காருங்கள். கையில் ஒரு கொப்பி இருக்கட்டும். இன்ஜின் அணைந்த நிலையில் ஒவ்வொரு கதவையும் பின்கதவையும் திறந்து மூடுங்கள். பிறகு ரேடியோ மட்டும் வேலை செய்யும் நிலையில், பிறகு முழுதாக ஒன் செய்த நிலையில், பிறகு இன்ஜின் ஓடும்போது. ஒவ்வொரு நிலையிலும் ஹெட்லைட்டைப் போட்டுக் கதவைத் திறங்கள். ஸ்மார்ட் திறப்பைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கி நடந்து பாருங்கள். ரிமோட்டில் பூட்டித் திறங்கள். ரிவர்ஸ் போடுங்கள்.

எந்த நிலையில் எந்த ஒலி, அது வாகனத்துக்கு உள்ளேயா வெளியேயா, எப்படி நிற்கிறது என்று எழுதுங்கள். பாதிக்கு மேல் ஒலிகளுக்கு எந்த மாற்றமும் தேவைப்படாது என்பது இந்தப் பட்டியலைப் பார்த்தாலே தெரியும். கதவு திறந்திருக்கும்போது வரும் ஒலியில் பெரும்பகுதி, திறப்பு இன்னும் சுவிட்சில் இருப்பதாலோ வாகனம் ரேடியோ நிலையில் கிடப்பதாலோ வருகிறது. முகாமில் பாட்டு கேட்கத் தனி ஸ்பீக்கரும் போனுக்கு ஒரு பவர் பேங்கும் கொண்டுபோனால் அந்தத் தொல்லை அப்படியே இல்லாமல் போகும், காலையில் பட்டரியும் உயிரோடு இருக்கும்.

மீற்றர் மெனுவில் கிடைப்பவை

பட்டியல் தயாரானதும் முதலில் பார்க்க வேண்டிய இடம் மீற்றர் திரை. புதிய டொயோட்டாக்களில் ஸ்டியரிங்கில் உள்ள அம்புப் பொத்தான்களால் அமைப்புகளுக்குள் போகலாம். மிட்சுபிஷிகளில் பெரும்பாலும் மீற்றர் அருகே உள்ள பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் அமைப்புத் திரை வரும். பொத்தான்களின் ஒலி, ஓய்வெடுக்க நினைவூட்டும் மணி போன்றவற்றை அங்கேயே அணைக்கலாம். ஹொண்டாவில் ரிமோட் பூட்டும்போது வரும் ஒலிக்கான தேர்வும் பல மாடல்களில் மெனுவிலேயே இருக்கிறது. வாகனம் நின்று, பார்க்கிங்கில் இருந்தால்தான் சில தேர்வுகள் திறக்கும்.

ஜப்பானிலிருந்து வந்த பாவித்த வாகனம் என்றால் திரை முழுதும் ஜப்பானிய எழுத்தாக இருக்கும். அதற்கு இரண்டு வழிகள் எனக்குப் பலன் தந்தவை. போன் கமராவில் மொழிபெயர்ப்புச் செயலியைத் திறந்து திரைக்கு நேரே பிடிப்பது ஒன்று. அதே தலைமுறை மாடல் ஆஸ்திரேலியாவிலோ பிரிட்டனிலோ விற்கப்பட்டிருந்தால் அந்த நாட்டுக் கையேட்டை இணையத்தில் தேடி எடுப்பது இன்னொன்று. அந்த இரண்டு நாடுகளிலும் ஸ்டியரிங் நம்மைப் போலவே வலப்பக்கம் என்பதால் பொத்தான்களின் இடம் கிட்டத்தட்ட ஒத்துப்போகும். எதை மாற்றுவதற்கு முன்னும் அந்தத் திரையைப் படம் எடுத்து வையுங்கள். பின்னால் திரும்பி வர அது ஒன்றே வழி.

ஜப்பானிய மொழியில் பேசும் அந்தக் குரல்

ஸ்டார்ட் செய்தவுடன் ஒரு பெண் குரல் ஜப்பானிய மொழியில் ஏதோ சொல்கிறதா? அது பெரும்பாலும் ஈடிசி கருவி. ஜப்பானின் அதிவேகப் பாதைகளில் சுங்கம் கட்டுவதற்கான பெட்டி, அட்டை செருகப்படவில்லை என்று அறிவிக்கிறது. அந்த அட்டைக்கு இங்கே வேலையே இல்லை. பெட்டி ஸ்டியரிங்குக்குக் கீழே, கையுறைப் பெட்டிக்குள், அல்லது வெயில் மறைப்புப் பலகைக்குப் பின்னால் இருக்கும். ஒலியளவுப் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்திப் பூச்சியத்துக்குக் கொண்டு வரலாம். இல்லையென்றால் பெட்டியின் பின்னால் உள்ள இணைப்பைக் கழற்றி, முனையை இன்சுலேஷன் டேப்பால் சுற்றிக் கட்டிவிடுங்கள். வாகனத்தின் வேறெந்த வேலைக்கும் அதனால் பாதிப்பு இல்லை.

ரிவர்ஸ் ஒலி

இங்கே மூன்று வெவ்வேறு விடயங்களை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். ஓட்டுபவருக்கு மட்டும் உள்ளே கேட்கும் பீப், பின்னால் இருப்பவர்களுக்காக வெளியே கத்தும் பஸர், தடையைக் கண்டு ஒலிக்கும் சென்சர். மூன்றுக்கும் வழி வேறு.

உள்ளே கேட்கும் பீப்பை டொயோட்டா ஹைபிரிட்களில் எந்தக் கருவியும் இல்லாமல் நிறுத்தலாம். நம் வீதிகளில் நிறைந்திருக்கும் இரண்டாம், மூன்றாம் தலைமுறை பிரியஸ்களுக்கான முறை இது. கை பிரேக்கைப் போட்டு, சமதரையில் செய்யுங்கள்.

1. பிரேக்கை மிதித்து வாகனத்தை முழுதாக ஒன் செய்யுங்கள்.
2. மீற்றரில் ட்ரிப் அல்லாமல் மொத்தக் கிலோமீற்றர் தெரியும்வரை ஓடோ பொத்தானை அழுத்துங்கள். பிறகு வாகனத்தை ஓப் செய்யுங்கள்.
3. மீண்டும் முழுதாக ஒன் செய்து, 6 விநாடிகளுக்குள் அதே பொத்தானை அழுத்தி, 10 விநாடிகளுக்கு மேல் பிடித்திருங்கள்.
4. பொத்தானை விடாமல், பிரேக்கை மிதித்தபடி ரிவர்ஸுக்குப் போய் மீண்டும் பார்க்கிங்குக்கு வாருங்கள்.
5. பொத்தானை விட்டதும் மீற்றரில் பீ ஒன் (b on) என்று தெரியும். ஒருமுறை அழுத்தினால் பீ ஓப் ஆகும். வாகனத்தை அணைத்தால் அது பதிவாகிவிடும்.

திரும்ப வேண்டுமென்றால் இதே வரிசை. பீ ஒன் தெரியாவிட்டால் நேரக் கணக்குத் தவறியிருக்கும், ஆரம்பத்திலிருந்து செய்யுங்கள். மற்ற மாடல்களுக்கு இந்த வரிசையை அப்படியே பரீட்சித்துப் பார்க்க வேண்டாம், அவற்றுக்கு, வாகனத்தின் கணினியோடு கருவியை இணைக்கும் ஓபிடி துளை வழியே நல்லது, அதைக் கீழே சொல்கிறேன்.

வெளியே கத்தும் பஸர், குறிப்பாக வான்களிலும் டபுள் கேப்களிலும் இங்கே பூட்டப்படும் இசை பஸர், ரிவர்ஸ் விளக்கின் வயரிலிருந்து மின்சாரம் எடுக்கிறது. அதைப் பிடுங்கி எறிய வேண்டியதில்லை. பஸருக்குப் போகும் பொசிட்டிவ் வயரை மட்டும் வெட்டி, இடையில் ஒரு சிறு சுவிட்சும் பியூஸும் வைத்து, ஓட்டுபவரின் கைக்கு எட்டும் இடத்தில் பூட்டினால் போதும். பஞ்சிகாவத்தையில் வயரிங் வேலை செய்யும் எந்த பாஸுக்கும் இது சின்ன வேலை. வெட்டுவது பஸரின் வயரா, ரிவர்ஸ் விளக்கின் வயரா என்று நின்று பார்த்துக்கொள்ளுங்கள். விளக்கு அணைந்தால் இருட்டில் உங்களுக்கே கண் தெரியாது. முகாமில் இந்தப் பஸரை அணைத்துவிட்டால் ரிவர்ஸ் எடுக்கும் ஒவ்வொரு தடவையும் ஒருவர் டோர்ச்சோடு இறங்கிப் பின்னால் நிற்க வேண்டும். இருட்டில் பிள்ளைகள் ஓடும் இடம் அது, இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

சென்சருக்கு வருவோம். பம்பரில் உள்ள வட்டப் பொட்டுகள் காதுக்குக் கேட்காத ஒலி அலையை அனுப்பி, திரும்பி வருவதை அளக்கின்றன. முழங்கால் உயரப் புல்லும் அதற்குச் சுவர்தான். சேறு பூசிய சென்சர் தடை இல்லாமலே தொடர்ந்து கத்தும். கம்பனியிலேயே பூட்டி வந்தவற்றுக்கு டாஷ்போர்டில் ஒரு பொத்தான் இருக்கும். பல வாகனங்களில் அது அடுத்த ஸ்டார்ட்டில் தானாகத் திரும்பி வந்துவிடும், அது நல்லதுதான். வெளியில் வாங்கிப் பூட்டியவற்றில் ஒலியை வெளியிடும் சிறு பெட்டியிலேயே ஒலியளவுச் சுவிட்ச் இருக்கிறதா என்று முதலில் தடவிப் பாருங்கள். சேற்றைத் துடைக்க ஈரத் துணி போதும், பிரஷர் பம்பைச் சென்சருக்குக் கிட்டே பிடித்தால் அது கெட்டுவிடும்.

பூட்டும்போது வரும் ஒலி, ஓபிடி வழி

ரிமோட்டில் பூட்டும்போது வரும் பீப் அல்லது ஹோர்ன்தான் முகாமில் மற்றவர்களை அதிகம் எரிச்சலூட்டுவது. இரவில் ஒவ்வொருவரும் எதையாவது மறந்து எடுக்க வருவார்கள். எளிய வழி, ரிமோட்டைத் தொடாமல் உலோகத் திறப்பால் கதவைத் திறப்பதும் உள்ளிருக்கும் பொத்தானால் பூட்டுவதும்தான். ஒரு எச்சரிக்கை: கம்பனி அலாரம் உள்ள வாகனத்தை ரிமோட்டில் பூட்டிவிட்டு உலோகத் திறப்பால் திறந்தால் அலாரம் அடிக்கலாம். இதை வீட்டிலேயே பரீட்சியுங்கள்.

நிரந்தரமாக ஒலியைக் குறைக்க ஓபிடி துளை வேண்டும். ஸ்டியரிங்குக்குக் கீழே, வலது முழங்காலுக்கு அருகே இருக்கும் 16 ஊசித் துளை அது. டொயோட்டாவின் டெக்ஸ்ட்ரீம் மென்பொருளில் பூட்டும் பஸரின் ஒலியளவை 0 முதல் 7 வரை வைக்கலாம், ஹசார்ட் விளக்கு மின்னுவதையும் தனியாக அணைக்கலாம். கரிஸ்டா என்ற போன் செயலியும் பல டொயோட்டாக்களில் இவற்றைச் செய்யும், ரிவர்ஸ் பீப் உட்பட. ஃபோர்ட் ரேஞ்சரும் மஸ்தாவும் வைத்திருப்பவர்களுக்கு ஃபோர்ஸ்கேன் என்ற மென்பொருள் இருக்கிறது. ஜப்பான் சந்தைக்கான மாடல்களில் எல்லாத் தேர்வுகளும் திரையில் வராமல் போகலாம்.

புறக்கோட்டையில் மலிவாகக் கிடைக்கும் அடாப்டர்கள் பழுதுக் குறியீடுகளைப் படிக்க உதவும். ஆனால் வாகனத்தின் அமைப்பை எழுதி மாற்றுவதற்கு அவற்றை நம்ப வேண்டாம். நடுவில் இணைப்பு அறுந்தால் பாதியில் நிற்கும் வேலையைச் சரிசெய்ய நல்ல கருவி உள்ள இடத்துக்குத்தான் போக வேண்டிவரும். செயலி பரிந்துரைக்கும் அடாப்டரையே வாங்குங்கள், அல்லது நல்ல ஸ்கேனர் வைத்திருக்கும் கராஜுக்குப் போங்கள். பட்டரி நல்ல நிலையில், இன்ஜின் அணைந்து, சுவிட்ச் ஒன்னில் இருக்கட்டும். ஒரு நேரத்தில் ஒரு அமைப்பை மட்டும் மாற்றி, அணைத்து, திரும்பப் போட்டுப் பார்த்த பிறகே அடுத்தது. கராஜில் செய்தால் பக்கத்தில் நின்று பழைய மதிப்புகளை உங்கள் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள்.

பாதையில் ஏறும்போது

தேசியப் பூங்காக்களில் குறித்த பாதையை விட்டு விலகி ஓட்டுவதற்கும் ஹோர்ன் அடிப்பதற்கும் அனுமதி இல்லை. முகாம் இடத்தை வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தில் முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். நக்கிள்ஸ் பக்கம் என்றால் வனப் பாதுகாப்புத் திணைக்களம். ஆகவே இங்கே நான் சொல்வது பூங்காவுக்குள் உள்ள மணல், கிரவல், சேற்றுப் பாதைகளுக்கு.

மோதலைத் தவிர்க்கும் தானியங்கி பிரேக் உங்கள் வாகனத்தில் இருந்தால், புல்லும் கிளைகளும் மூடிய பாதையில் நுழையும் முன் அதை அணையுங்கள். சாய்ந்த ஒரு கிளையைப் பார்த்து அது சேற்றின் நடுவே பிரேக் போட்டால், பின்னால் வரும் ஜீப் உங்கள் மேல் ஏறும். டொயோட்டாவில் அதற்குரிய பொத்தானையோ மெனுவையோ பாருங்கள். வாகனம் சறுக்காமல் பார்த்துக்கொள்ளும் நிலைப்புக் கட்டுப்பாட்டை முழுதாக அணைத்தாலும் தானியங்கி பிரேக்கும் சேர்ந்து அணைந்து, அதன் விளக்கு எரியும். அது பழுது இல்லை. பல டொயோட்டாக்களில் நிலைப்புக் கட்டுப்பாட்டின் பொத்தானை, வாகனம் நின்றிருக்கும்போது, 3 விநாடிகளுக்கு மேல் அழுத்திப் பிடிக்க வேண்டும். நிலைப்புக் கட்டுப்பாட்டை அணைப்பது மணலில் வேகத்தை இழக்காமல் போவதற்கு மட்டும். ஒரு சக்கரம் அந்தரத்தில் தூக்கும் கல் பாதையில், சுழலும் சக்கரத்தைப் பிடித்து மற்றதற்குச் சக்தி கொடுப்பதே அந்தக் கணினிதான், அங்கே போட்டே வையுங்கள். கோடு தாண்டும் எச்சரிக்கை மெதுவான வேகத்தில் வேலை செய்யாது, அதை விட்டுவிடலாம்.

டயர் அழுத்த எச்சரிக்கைக்கு வருவோம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் தவறான பொத்தானை அழுத்துவது இங்கேதான் நடக்கிறது. ஆழமான மணலில் டயரை 18 முதல் 20 பிஎஸ்ஐ வரை இறக்குவார்கள். கதவுப் பலகையில் 32 என்று எழுதியிருந்தால், ஏறத்தாழ கால் பங்கு குறைந்து 24க்கு வரும்போதே விளக்கு எரியத் தொடங்கும். அது எரிந்துகொண்டே இருக்கட்டும். ரீசெட் பொத்தானை அழுத்தாதீர்கள். அழுத்தினால் வாகனம் 20ஐயே சரியான அளவு என்று எடுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு முள் குத்தி மெதுவாகக் காற்று இறங்கினால், டயர் ரிம்மிலிருந்து கழன்று போகும் நிலை வரை அது வாயைத் திறக்காது.

விளக்கின் பேச்சையும் புரிந்துகொள்ளுங்கள். ஸ்டார்ட் செய்ததும் ஒரு நிமிடம் போல மின்னிவிட்டு நிலையாக எரிந்தால் சென்சர் அமைப்பில் பழுது. மின்னாமல் நேராக எரிந்தால் காற்றுக் குறைவு. காற்றைக் குறைத்திருக்கும் நாட்களில் அந்த விளக்கு உங்களுக்கு உதவாது என்பதால், கையால் அளக்கும் ஒரு நல்ல மானி கட்டாயம். காலையில் வாகனத்தை எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது நான்கையும் அளந்து எழுதுங்கள். ஒன்று மட்டும் இறங்கியிருந்தால் அதுதான் பஞ்சர்.

தார் வீதியில் ஏறும் முன் 12 வோல்ட் பம்பால் முழு அளவுக்குக் காற்றை ஏற்றுங்கள். எலுவன்குளத்தில் வெளியே வந்து புத்தளத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று வேகமாக ஓட்டினால் டயரின் பக்கச் சுவர் சூடேறிக் கிழியலாம்.

முகாமில் இரவு

பின்கதவைத் திறந்து வைத்துப் படுப்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. கதவின் ஓரத்தில், பூட்டு கொளுவும் இடத்தில் ஒரு கொக்கி இருக்கும். ஸ்க்ரூடிரைவரின் தண்டால் அதை மூடும் திசையில் தள்ளினால் இரண்டு முறை கிளிக் என்று விழும். வாகனம் கதவு மூடிவிட்டதாக எண்ணிக்கொள்ளும், உள் விளக்கு அணையும், ஒலி நிற்கும். காலையில் கதவைச் சாத்தும் முன் கைப்பிடியை இழுத்து அந்தக் கொக்கியை விடுவிக்க மறக்கவே கூடாது. மறந்து அடித்துச் சாத்தினால் கொக்கி வளையும், அப்புறம் கதவு பூட்டாது. நினைவுக்காகக் கைப்பிடியில் ஒரு துணி கட்டி வையுங்கள். மின்சாரத்தால் தானாக மூடும் பின்கதவுள்ள வாகனத்தில் இதைச் செய்ய வேண்டாம். பழைய டிஃபெண்டர், மொண்டெரோ போன்றவற்றில் கதவுச் சட்டத்தில் அழுத்தும் ரப்பர் பொத்தான் இருக்கும். அதை அழுத்திப் பிடிக்க ஒரு துண்டு டேப் போதும்.

ஸ்மார்ட் திறப்பு கூடாரத்துக்குள் இருந்தாலும் வாகனத்துக்குக் கிட்டே கிடந்தால் இரண்டும் இரவெல்லாம் ஒன்றையொன்று தேடிக்கொண்டிருக்கும். கதவருகே யாராவது போனால் பீப் வரலாம், பட்டரியும் குறையும். பல டொயோட்டா திறப்புகளில் பூட்டும் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி திறக்கும் பொத்தானை இரண்டு முறை அழுத்தினால், சிறு விளக்கு நான்கு முறை மின்னி, திறப்பு உறங்கிவிடும். எந்தப் பொத்தானை அழுத்தினாலும் விழித்துக்கொள்ளும். திறப்பை மெத்தைக்குக் கீழே வைக்காதீர்கள், புரளும்போது அவசரப் பொத்தான் அழுத்துப்பட்டால் வாகனம் முழுக் குரலில் கத்தும். ஒரு கடினமான பெட்டிக்குள் போட்டு, எங்கே இருக்கிறது என்பதை எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

வாகனத்துக்குள் தூங்குவதானால் ரிமோட்டில் பூட்டாமல் உள்ளிருந்து கதவுப் பொத்தானால் பூட்டுங்கள். அப்படிச் செய்தால் அலாரம் விழித்திருக்காது. இயக்கம் பார்க்கும் சென்சர் உள்ள ஐரோப்பிய வாகனங்களில் அதைத் தனியாக அணைக்கும் பொத்தான் உண்டா என்று கையேட்டில் பாருங்கள். கொழும்பில் பூட்டிய வெளி அலாரம் என்றால், அதிர்வு சென்சரில் ஒரு சிறு திருகு இருக்கும், கூர்மையைக் குறைக்கலாம். கூரையில் குரங்கு குதித்தாலும் அது அடிக்கும் என்பதால், முகாம் நாட்களுக்கு அலாரத்தை, தற்காலிகமாக அடிக்காமல் வைக்கும் வாலே நிலையில் போடுவதே நல்லது. சைரனின் வயரை வெட்டிப் பார்க்க வேண்டாம், சில சைரன்களுக்குள் தனிப் பட்டரி இருக்கிறது, மின்சாரம் நின்றதும் அதுவே கத்தத் தொடங்கும்.

ஏசிக்காக இன்ஜினை ஓடவிட்டுத் தூங்காதீர்கள். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, எச்சரிக்கை ஒலியும் இல்லை. சாப்பாட்டு மணம் வீசும் பொருட்களை எங்கே வைப்பது என்பதைக் காவலரிடம் கேட்டு அதன்படி செய்யுங்கள். யாலவில் கெமுனு என்ற யானை உணவுக்காக ஜீப்களுக்குள் தும்பிக்கை விட்டது பலரும் அறிந்த கதை. அந்த நேரத்தில் அலாரம் வேறு அடித்தால் என்ன நடக்கும் என்று சொல்ல முடியாது.

கிளம்பும் முன் ஓட்டம், திரும்பிய பின் வேலை

மாற்றங்கள் முடிந்ததும் வழக்கமான வீதியில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். சுவிட்சை ஒன் செய்யும்போது ஒயில், பட்டரி, பிரேக், ஏர்பேக், ஏபிஎஸ் விளக்குகள் ஒவ்வொன்றும் எரிந்து, பிறகு அணைய வேண்டும். ஒன்று எரியவே இல்லையென்றால் அது இன்னும் மோசம், யாரோ பல்பைக் கழற்றியிருக்கலாம் அல்லது வயர் விலகியிருக்கலாம். பாவித்து வாங்கிய வாகனத்தில் இதைக் கட்டாயம் பாருங்கள். கூடப் போகிறவர்களில் ஓட்டக்கூடிய இன்னொருவருக்கும் கொப்பியைக் காட்டி, எது அணைக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லிவிடுங்கள்.

திரும்பி வந்தால் வரிசை இது: டயர் காற்று, சேறு துடைத்த சென்சர்கள், தானியங்கி பிரேக், அலாரம், கடைசியாக ரிவர்ஸ் பஸர். அந்தப் பஸரை உங்கள் ஒழுங்கைக்குள் திரும்பும் முன்பே போட்டுவிடுங்கள், வெள்ளவத்தை, தெகிவளைப் பக்க ஒழுங்கைகளில் பிள்ளைகள் எப்போதும் வாகனத்துக்குப் பின்னால்தான் நிற்பார்கள். காற்று சரியாக ஏற்றிய பிறகும் டயர் விளக்கு சில கிலோமீற்றர் ஓட்டத்தில் அணையாவிட்டால், ரீசெட்டை அழுத்தும் முன் டயர் கடையில் வால்வையும் சென்சரையும் பார்க்கச் சொல்லுங்கள். மணலில் போய் வந்த வால்வின் மூடிக்குள் மணல் துகள் இருந்தால் காற்று மெதுவாக ஒழுகலாம்.